நடுக் கட்டில்

கடியாரம் என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் நெஞ்சைத் திறந்து, பழுதாகிப்போன வால்வு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து நெஞ்சுக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம். சாரத்தில் பக்கத்தில் நின்று பெயின்ட் அடிக்கிறவர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். "யோவ், உன்கூட வேலைக்கு வந்தா வாட்சே கட்ட வேண்டாம் போலிருக்கே" என்று ஒருத்தன் சொல்ல, பேர் ஒட்டிக்கொண்டது. முதல் வருஷம் அந்தச் சத்தத்தில் அவன் பெண்டாட்டிக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் இல்லை என்று ஆகிவிட்டது.

சத்தத்தோடு ஒரு மாத்திரையும் வீட்டுக்கு வந்தது. ரோஸ் கலரில், பொத்தான் அளவு. அந்த உலோகத்தில் ரத்தம் ஒட்டி உறைந்துவிடாமல் இருக்க தினம் ஒன்று, ஆயுசுக்கும். சாயங்காலம் கார்மென்ட்ஸில் வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் அவள் செய்கிற முதல் காரியம் அதை அவனுக்குக் கொடுப்பதுதான். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஏணியில் ஏறாதே என்று சொன்னதை அவன் கேட்கவில்லை, அது வேறு கதை. மாத்திரை விஷயத்தில் அவன் பாச்சா அவளிடம் பலிக்காது.

ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு இரண்டாவது கோட்டிங் அடிக்கும்போது ஏணி சறுக்கி, எட்டடி உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். எட்டடிதான். இருபது மாடியில் தொங்கியவனுக்கு எட்டடியில் எழுதியிருந்தது. ஆபரேஷனுக்காக மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வயிற்றில் ஊசி போட்டார்கள். கம்பி வைத்துத் தைத்த பிறகு காயத்தில் ரத்தம் கசியக்கூடாது என்று ஊசியையும் நிறுத்தினார்கள். "ரெண்டு நாள் போகட்டும்மா, திரும்ப ஆரம்பிச்சிடுவாங்க" என்று மயக்க டாக்டர் அவளிடம் சொன்னார். சொன்னவர் தியேட்டருக்குள் போனார், அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவே இல்லை.

அந்த வார்டில் மொத்தம் இருபத்தைந்து கட்டில். கடியாரத்துக்குப் பதிமூன்று. பதினாலில் ஒரு பழைய பஸ் டிரைவர், இரண்டு முழங்காலும் போனவர். உடம்பில் ஓடுகிற உறுப்பு வாய் ஒன்றுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். வந்த அன்றைக்கே அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கு பாரு, அத நல்லாப் படிச்சுக்கோ. அது பெரிய சிஸ்டர் ஒட்டினது."

அவள் படித்தாள். காலை பத்து மணிக்கு எல்லா டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் வருவார்கள். உறவினர் ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். மருந்துகள் வாய்விட்டுப் படிக்கப்படும். கடைசியில் உறவினரும் கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை தொங்கியது, கட்டம் கட்டமாக. ஒவ்வொன்றும் நடக்க நடக்க அதில் டிக் அடிக்க வேண்டும்.

"அப்படியே நடக்குமா அண்ணே?"

"மொத வாரம் நடந்துச்சு பாரு, கண்கொள்ளாக் காட்சி. எலும்பு டாக்டர், ஹார்ட் டாக்டர், மருந்துக்கார அம்மா, எல்லாரும் ஒண்ணா நின்னாங்க. என்னையக்கூட கேள்வி கேக்கச் சொன்னாங்கன்னா பாத்துக்கோயேன்! ரெண்டாவது வாரம் பத்து பத்தரை ஆச்சு. அப்புறம் ஒம்பது ஆச்சு. இப்ப எந்நேரத்துக்கு எந்தப் பக்கத்துலேருந்து வருவாங்கன்னு வந்தாத்தான் தெரியும்."

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவள் லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்திருந்தாள். ரோஸ் மாத்திரை எப்ப திரும்ப ஆரம்பிப்பீங்க. அவ்வளவுதான். எட்டாவது படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் குழறும் என்று தெரியும்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். ஒன்றாக இல்லை. எலும்பு டாக்டர் தன் ஆட்களோடு வாசல் பக்கம் ஒன்றாம் கட்டிலில் தொடங்கினார். ஹார்ட் டாக்டர் தன் ஆட்களோடு ஜன்னல் பக்கம் இருபத்தைந்தில் தொடங்கினார். நேரம் மிச்சமாகுமாம். அவள் எழுந்து நின்று, தலையை ஒதுக்கிக்கொண்டு, சீட்டைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு கூட்டமும் நெருங்கி நெருங்கி வந்து, சரியாகப் பதிமூன்றாம் கட்டிலின் கால்மாட்டில் சந்தித்தன.

"என்ன சார், உங்க பக்கம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உங்களுது?"

"ஆச்சு, ஆச்சு. பதினொண்ணுக்கு ஓபி இருக்கு. அடுத்த வாரம் யார் லீவு?"

லீவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். ஹார்ட் டாக்டர் கை வலிக்கிறது என்று தன் ஃபைலைக் கடியாரத்தின் நல்ல கால் மேல் வைத்திருந்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஒருத்தர் வாசலுக்கும் ஒருத்தர் மாடிப்படிக்குமாகப் போய்விட்டார்கள்.

"டாக்டர்…" என்றாள் அவள். சத்தம் வெளியே வருவதற்குள் முதுகுகள்தான் இருந்தன.

"தங்கச்சி, உன் குரல் கிளம்பி வர்றதுக்குள்ள அவங்க வீட்டுக்கே போயிடுவாங்க. ஹாரன் அடிக்கிற மாதிரி கூப்பிடணும்" என்றார் பதினாலு.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏனென்றால் இந்தத் தப்பை அவளுக்குத் தெரியும். கார்மென்ட்ஸில் அவள் செக்கர். தைத்து வருகிற சட்டைகளில் பார்க்காததற்கெல்லாம் காலரில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். தையலைப் பார்த்து, பொத்தானை இழுத்துப் பார்த்து, உடைந்த ஊசிமுனை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அப்புறம் நூலை வெட்டுவாள். அவசர ஆர்டர் என்றால் ஒரே சட்டைக் கட்டை இரண்டு பேர் பார்ப்பார்கள், ஒருத்தி மேலிருந்து, ஒருத்தி அடியிலிருந்து. அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு தடவை நடுச்சட்டையை அவள் பார்த்திருப்பாள் என்று இவளும், இவள் பார்த்திருப்பாள் என்று அவளும் விட்டார்கள். காலரில் ஊசிமுனையோடு போய்விட்டது. வாங்கியவன் கழுத்தில் குத்தி, ஆர்டரே திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டுக்கு ஒரே கைதான்.

பெரிய சிஸ்டரிடம் போய் இதை அப்படியே சொன்னாள். வார்டு பொறுப்பு அந்த அம்மாளுக்கு, நல்ல மனுஷி, நிற்க நேரமில்லாத மனுஷி. எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து அந்தத் தாளை ஒட்டியவள்.

"எவ்வளவு கரெக்டா சொல்றீங்கம்மா! நான் இத மாசக் கூட்டத்துல சொல்றேன்."

"மாசக் கூட்டம் எப்ப சிஸ்டர்?"

"கடைசி வெள்ளிக்கிழமை."

"மாத்திரை?"

பெரிய சிஸ்டர் ஃபைலைத் திறந்தாள். எலும்பு டாக்டர் தாளில் எழுதியிருந்தது, மாத்திரை ஹார்ட் டாக்டர் சொன்ன பிறகு. ஹார்ட் டாக்டர் தாளில் எழுதியிருந்தது, ரத்தக்கசிவு இல்லை என்று எலும்பு டாக்டர் சொன்னதும் ஆரம்பிக்கவும். இரண்டு தாளும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரே ஃபைலில் இருந்தன. பெரிய சிஸ்டர் அங்கேயே போனைப் போட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க டாக்டர்" என்று வைத்துவிட்டு, "நாளைக்கு ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம்னு சொல்றாங்கம்மா" என்றாள்.

"என் பையிலயே இருக்கு சிஸ்டர், வீட்டு மாத்திரை. நான் ஒண்ணு கொடுத்துடட்டுமா?"

"ஐயையோ! அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க. காயத்துல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா திரும்ப கிழிக்கணும். ஆர்டர் இல்லாம நானே கொடுக்க முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பைக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டே முக்காலுக்கே ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. உறவுக்காரர்களை ஒன்பது மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அவள் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாக வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வாட்ச்மேனிடம் மன்றாடினாள்.

"அண்ணா, ரவுண்ட்ஸ் வந்திருக்காங்க, அஞ்சே நிமிஷம்."

"ரவுண்ட்ஸ் பத்து மணிக்கும்மா. ஒட்டியே இருக்கே, படிக்கலையா?"

"அங்க பாருங்கண்ணா, கண்ணு முன்னாடி நிக்கறாங்களே!"

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பதுக்கு விடறேன்" என்றார். ஒன்பதுக்கு விட்டார். உள்ளே யாரும் இல்லை.

"வந்தாங்க, எப்படி இருக்குன்னாங்க, போனாங்க" என்றார் பதினாலு. "உன் வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார் சொல்லு பார்ப்போம்?"

"பரவாயில்லன்னு சொல்லியிருப்பார்."

"அட, கூட இருந்து கேட்ட மாதிரி சொல்றியே!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த ஒரு வார்த்தைய விட்டா உங்க நாக்குல வேற வார்த்தையே கிடையாதா? மாத்திரையப் பத்திக் கேக்கத் தெரியாதா?"

"கால் எப்படி இருக்குன்னாங்க. கால் பரவாயில்லதானே? கேட்டதுக்குத்தானே பதில் சொல்ல முடியும்" என்றான் கடியாரம். கோபப்படுகிற ஆளில்லை அவன். அதுதான் அவளுக்குக் கோபம்.

அன்று மத்தியானம் நாத்தனார் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். கடியாரத்தின் தங்கை, வாய்த்துடுக்கு. சோறும் முட்டையும் கொடுத்து முடித்து, வார்டு கொஞ்சம் ஓய்ந்த நேரம். விசிறி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தலையணையைச் சரி பண்ணக் குனிந்த பெண்டாட்டி அப்படியே நின்றாள். காதை அவன் நெஞ்சில் வைத்தாள்.

"ஏய், என்ன இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவன் கூச்சப்பட்டான்.

"சும்மா இருங்க." வெகுநேரம் கேட்டாள். "உங்க சத்தம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"துணிய வச்சுப் பொத்தின மாதிரி."

"அதான் தங்கச்சி, மூணு நாளா இங்கேருந்தே எனக்குக் கேட்டுக்கிட்டிருந்துச்சு, இன்னைக்குக் கேக்கல. காதும் போச்சுடான்னு நெனச்சேன்" என்றார் பதினாலு.

நாத்தனார் எழுந்துவிட்டாள். "அண்ணி, நீ இப்படிக் கையப் பிசைஞ்சுகிட்டு நிக்காத. போய் கத்து. கத்தினாத்தான் இங்க நடக்கும்."

"யார்கிட்ட கத்தறது சொல்லு? கத்தறதுக்கு ஒரு ஆள் வேணுமே!"

டியூட்டி நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள், நாடி பார்த்தாள், எல்லாம் நார்மல் என்றாள். கட்டு மாற்ற எலும்பு டாக்டரின் ஆளான கண்ணாடி போட்ட சின்ன டாக்டர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, நின்றபடியே தூங்கிவிடுவார் போல இருந்தார். அவள் மாத்திரையைச் சொன்னாள், சத்தத்தைச் சொன்னாள். அந்தப் பிள்ளை காதுகொடுத்துக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

"நெஞ்சு எங்க பக்கம் இல்லம்மா. ஆனா நீங்க சொல்றது முக்கியம். நான் ஹார்ட் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்றேன்" என்று பேனாவை எடுத்து, இடது கையின் புறங்கையில் 'பதிமூணு, மாத்திரை, சத்தம்' என்று எழுதிக்கொண்டார். அவளுக்கு உயிர் வந்தது.

எழுதிக்கொண்டவர் பதினாலின் முழங்காலைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயடிக்குப் போனார். ஒவ்வொரு கட்டிலுக்கும் கை கழுவ வேண்டும், சட்டம். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, புறங்கை எல்லாம் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீலமாக ஒழுகிப் போனது. "டாக்டர், கையில எழுதினது…" என்றாள். "ஞாபகம் இருக்கும்மா" என்று சிரித்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது பையைத் துழாவினாள். வேலை செய்கிறவள் பை, அதில் சிவப்பு நூல் இல்லாமல் இருக்குமா? ஒரு முழம் எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில், அந்த அட்டையோடு சேர்த்து, கார்மென்ட்ஸ் லைனில் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். பார்க்காத பீஸ். பார்க்கிற கண் யாருக்காவது இருக்கும் என்று ஒரு நப்பாசை.

அடுத்த நாள் ஞாயிறு, வேறு வார்டுக்கும் சேர்த்து ஒரே டாக்டர். அவர் காய்ச்சல்காரர்களை மட்டும் பார்த்தார். திங்கட்கிழமை அவள் எட்டரைக்கே வந்து வாசலில் நின்று, ஒன்பதுக்கு முதல் ஆளாக உள்ளே போய், கட்டிலை விட்டு நகரவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பாத்ரூம்கூடப் போகவில்லை. பதினொன்றரைக்கு ஒரு நர்ஸ் ஓடி வந்தாள்.

"பதிமூணு அட்டெண்டரா? கீழ போய் எக்ஸ்ரே வாங்கிட்டு வாங்கம்மா. ரவுண்ட்ஸ்ல கேப்பாங்க."

"ரவுண்ட்ஸ் வந்துட்டா?"

"அது இருந்தாத்தானேம்மா ரவுண்ட்ஸே. சீக்கிரம்."

படி இறங்கி, வரிசையில் நின்று, படத்தை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தாள். பதினாலு அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஹார்ட் டாக்டரே வந்தார் தங்கச்சி. கட்டில்கிட்ட நின்னார். நூலப் பாத்தார். கைய வச்சுத் தொட்டுக்கூடப் பாத்தார். 'என்ன சிஸ்டர் இது'ன்னார். அந்தச் சின்ன நர்ஸ், ஏதோ வேண்டுதல் போல டாக்டர்னா. 'அவங்க நம்பிக்கை, அவிழ்க்காதீங்க'ன்னு சொல்லிட்டு, ரொம்ப மரியாதையா ஒதுங்கிப் போயிட்டார்."

"நீங்க சொல்லக்கூடாதாண்ணே?"

"சொன்னேனே! தொண்ட கிழியச் சொன்னேன். 'பெரியவரே, உங்க முறை வரும்'னு என் போர்வைய இழுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க." வாய் ஓயாதவர், அன்று முழுக்க அதற்கப்புறம் பேசவில்லை.

அவள் பெரிய சிஸ்டரைத் தேடினாள். லீவு. ஹார்ட் டாக்டரைத் தேடி மூன்று மாடி ஏறினாள். தியேட்டரில் இருக்கிறார், நாளைக்கு ரவுண்ட்ஸில் பாருங்கள் என்றார்கள். பையில் மாத்திரை அட்டை இருந்தது. கொடுத்தால் கால் போகுமோ, கொடுக்காவிட்டால் என்ன போகுமோ! எங்கே போய் முட்டிக்கொள்வது?

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கஞ்சியோடு உள்ளே போனாள். அவன் விழித்துத்தான் இருந்தான். ஸ்பூனைக் கையில் கொடுத்தாள். விரலில் நிற்காமல் கஞ்சிக்குள்ளேயே விழுந்தது. மறுபடி கொடுத்தாள், மறுபடி விழுந்தது.

"என்னங்க, என்ன பண்ணுது?"

அவன் அவளைப் பார்த்தான். வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அவளைச் சமாதானப்படுத்த என்னவோ சொல்லப் பார்த்தான். "ப… ப…" என்று வந்தது. எந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அவன் நாக்கில் இருந்ததே ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அன்றைக்கு வரவில்லை.

அவள் கத்தினாள். நாத்தனார் சொன்ன மாதிரி, பதினாலு சொன்ன மாதிரி, வார்டே அதிரக் கத்தினாள். எல்லோரும் ஓடி வந்தார்கள். எலும்பு டாக்டர், ஹார்ட் டாக்டர், கண்ணாடி டாக்டர், பெரிய சிஸ்டர், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வால்வில் கட்டிய ரத்தக்கட்டி பிய்ந்து போய் மூளையில் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு. பெயின்ட் பிரஷ் பிடித்த கை அது.

இரண்டு நாள் அவசரப் பிரிவில் வைத்திருந்து, பிறகு பழைய வார்டுக்கே, பழைய கட்டிலுக்கே கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. ஒன்றாம் கட்டிலிலிருந்து வரிசையாக, எல்லோரும் ஒன்றாக. எலும்பு டாக்டர் தன் பங்கைச் சொன்னார். ஹார்ட் டாக்டர் தன் பங்கைச் சொன்னார். மருந்துக்கார அம்மாள் ஒவ்வொரு மருந்தாக வாய்விட்டுப் படித்தாள். பெரிய சிஸ்டர் அட்டையில் ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்தாள். கண்ணாடி டாக்டர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று ஹார்ட் டாக்டர் கேட்டார். நல்ல குரல், பொறுமையான குரல்.

அவள் பைக்குள் கைவிட்டு அந்தத் துண்டுச் சீட்டை எடுத்தாள். மடிப்பில் நைந்து போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் பார்த்துத்தான் படித்தாள்.

"ரோஸ் மாத்திரை எப்ப திரும்ப ஆரம்பிப்பீங்க?"

பதினாலாம் கட்டிலில் பஸ் டிரைவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"இப்ப கொடுக்க முடியாதும்மா" என்றார் ஹார்ட் டாக்டர். "இப்ப கொடுத்தா மூளையில ரத்தம் கசிஞ்சிடும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"சரிங்க" என்றாள்.

உறவினர் கேள்வி என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பெரிய சிஸ்டர் பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பிறகு டிக் அடித்தாள். எல்லோரும் பதினாலாம் கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

அவள் கால்மாட்டுக்கு வந்தாள். சிவப்பு நூல் அப்படியே இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை. கத்தரி இல்லை. குனிந்து, பல்லால் கடித்து அறுத்தாள். நல்ல பீஸோ, கெட்டுப்போன பீஸோ, பார்த்தாயிற்று என்றால் நூலை எடுத்துவிட வேண்டும்.

"பாத்துட்டாங்கங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் "ப… ப…" என்றான்.